ஹெல்சிங்கியில் மாரிமெக்கோ ஊழியர் கேன்டீனில் மதியச் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

ஹெல்சிங்கிக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் துறைமுகச் சந்தையில் ஒரு சால்மன் சூப், இல்லையென்றால் ரயில் நிலையத்தில் ஒரு பர்கர் என்று மதியத்தை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. பின்லாந்துக்காரர்கள் உண்மையில் மதியம் சாப்பிடுகிற இடம் அலுவலக கேன்டீன். அங்கே பல நிறுவனங்களின் கேன்டீன்களில் வெளியாட்களும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். அனுமதிச் சீட்டோ, அங்கே வேலை பார்க்கிற நண்பரோ தேவையில்லை. அவற்றில் நான் எல்லோரையும் போகச் சொல்வது பின்லாந்தின் துணி வடிவமைப்பு நிறுவனமான மாரிமெக்கோவின் கேன்டீனுக்கு. பெயர் மாரிதோரி.

பெரிய சிவப்புப் பூக்கள் போட்ட துணியையோ பையையோ எங்காவது பார்த்திருப்பீர்கள். உனிக்கோ என்ற அந்த வடிவத்தை 1964-இல் மாரிமெக்கோவுக்காக மாய்யா இசோலா வரைந்தார். 1951-இல் ஆர்மி ராத்தியா தொடங்கிய நிறுவனம் இது. தலைமை அலுவலகம், துணி அச்சடிக்கும் ஆலை, கழிவு விலைக் கடை, கேன்டீன் எல்லாம் நகருக்குக் கிழக்கே ஹெர்தோனியெமி என்ற பகுதியில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

கடை சனிக்கிழமையும் உண்டு. கேன்டீன் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும்தான். ஊழியர்களுக்காக நடக்கிற இடம், அவர்கள் வராத நாளில் அடுப்பு எரியாது. மதியச் சாப்பாடு பின்லாந்தில் சீக்கிரம் தொடங்கும். பத்தரை, பதினொன்றுக்கே பரிமாற ஆரம்பித்து இரண்டு மணிவாக்கில் முடித்துவிடுவார்கள். நம் வழக்கப்படி ஒன்றரை மணிக்குக் கிளம்பினால் பாத்திரம் கழுவும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். பதினொன்றேகாலுக்கு உள்ளே இருப்பது நல்லது. பதினொன்றரைக்கு மேல் ஊழியர் கூட்டம் வந்துவிடும்.

அந்த வாரத்து மெனு இணையத்தில் வரும். கேன்டீன் திறந்திருக்கிறதா, எந்த நேரம், என்ன விலை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். விலைக்கு ஒரு மதிப்பு வேண்டுமென்றால், ஹெல்சிங்கியில் இப்படிப்பட்ட பஃபே சாப்பாடு சாதாரணமாக 12 முதல் 15 யூரோ. சாலட், ரொட்டி, சூப் அல்லது முக்கிய உணவு, காபி எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். நகர மையத்து உணவகத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு தட்டு கிடைப்பதே கஷ்டம்.

2. மெனுவைப் படியுங்கள் (இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்)

என்னுடன் அம்மா வந்திருந்தார். முட்டைகூடத் தொடாத சைவம். அதனால் முந்தின நாள் இரவே மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது இதுதான். காரணம் மொழி அல்ல. கைப்பேசி கேமராவைக் காட்டினால் மொழிபெயர்ப்புச் செயலி பின்னிஷ் சொற்களை ஓரளவு சரியாகவே மாற்றிக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் இருக்கிற ஒற்றை ஆங்கில எழுத்துகளை மட்டும் அது அப்படியே விட்டுவிடும். நமக்குத் தேவையான விஷயமோ அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

எல் என்றால் பாலில் இருக்கிற சர்க்கரையான லாக்டோஸ் இல்லாதது. ஜி என்றால் கோதுமை போன்ற தானியங்களில் இருக்கிற குளூட்டன் இல்லாதது. எம் என்றால் பால் சேராதது. வி, எல் இரண்டும் சேர்ந்து வந்தால் லாக்டோஸ் குறைவு என்று மட்டுமே பொருள். நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். முதலில் வி இருப்பதைப் பார்த்து, வெஜிடேரியன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாட்டிறைச்சிக் குழம்புக்குப் பக்கத்திலும் அந்த இரண்டு எழுத்தும் இருக்கலாம்.

வி மட்டும் தனியாக வந்தால்? சில இடங்களில் வீகன், அதாவது இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேராதது. சில இடங்களில் வீகனுக்கு வி, ஈ, ஜி என்று மூன்றெழுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு கேன்டீனும் தன் மெனுவின் அடியில் இந்த எழுத்துகளுக்கு விளக்கம் தந்திருக்கும். அந்தக் கடைசி வரியை முதலில் படியுங்கள்.

சைவச் சாப்பாடு என்று போட்டிருந்தாலும் அது நம் சைவம் இல்லை. அதில் முட்டை இருக்கலாம். அதனால் முட்டை சாப்பிடாதவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: வீகன் என்று குறித்த உணவை எடுங்கள், பாலும் மோரும் வேண்டுமானால் பானங்கள் இருக்கும் மேசையிலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இந்த வழி முழுக்க ஒத்துவந்தது.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய உணவுகள் இவை:

பட்டாணி சூப். பின்லாந்தில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும் அதன் பின்னால் அடுப்பில் சுட்ட தடித்த பான்கேக்கும் பல கேன்டீன்களில் வழக்கம். சூப் பார்ப்பதற்குப் பருப்புக் கடைசலாகத்தான் இருக்கும். வழக்கமான செய்முறையில் பன்றியிறைச்சி சேரும். பல இடங்களில் இறைச்சி இல்லாத பட்டாணி சூப்பை இன்னொரு பாத்திரத்தில் வைக்கிறார்கள், அதன் சீட்டைப் பார்த்து எடுங்கள். பான்கேக்கில் முட்டை உண்டு.

உருளைக்கிழங்கும் கிரீமும் சேர்த்துச் சுட்ட கேசரோல். மேலே பொன்னிறமாக இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. யான்சன் என்ற பெயரோடு வந்தால் உள்ளே ஊறவைத்த சிறு மீன். பன்றித் தொடைக்கறி போட்டதும் உண்டு.

இனிப்புகளில் ஜெலட்டின் கலந்தவை இருக்கும். பெர்ரிப் பழச்சாற்றில் உருளைக்கிழங்கு மாவு கரைத்துக் கெட்டியாக்கிய கீஸ்ஸெலி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது.

சந்தேகம் இருந்தால் பரிமாறுபவரிடம் ஆங்கிலத்தில் கேளுங்கள். ஒவ்வாமை, உணவுக் கட்டுப்பாடு பற்றிய கேள்விகள் அங்கே தினசரி விஷயம். முகம் சுளிக்க மாட்டார்கள். உள்ளே போய்ப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

3. போகும் வழி

மத்திய ரயில் நிலையத்தடியில் மெட்ரோ. கிழக்கே போகும் ரயிலில் ஏறுங்கள். வண்டியின் நெற்றியில் வூஓசாரி என்றோ மெல்லுன்மாகி என்றோ போட்டிருக்கும். எதில் ஏறினாலும் சரி, இரண்டும் பிரிவது ஹெர்தோனியெமிக்கு அப்பால்தான். ஆறாவது நிலையம் ஹெர்தோனியெமி, பத்து நிமிடத்தை ஒட்டி ஆகும். கலசதாமா நிலையம் தாண்டியதும் ரயில் கடலின் மேல் போகும், ஜன்னல் பக்கம் நில்லுங்கள்.

டிக்கெட்டுக்கு ஹெல்சிங்கி பொதுப் போக்குவரத்தின் ஹெச்எஸ்எல் செயலியைத்தான் சொல்வேன். இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கிற வேலை இல்லை, வழியையும் அதுவே காட்டும். கூகுள் வரைபடத்தைவிட இதைத்தான் நம்புகிறேன், பாதை வேலை நடந்தாலோ பேருந்து மாற்றி விட்டாலோ உடனே தெரியும். ஏ, பி இரண்டு மண்டலங்களும் சேர்ந்த டிக்கெட் போதும். விமான நிலையம் சி மண்டலம், அங்கிருந்து நேராக வந்தால் மூன்றும் சேர்ந்ததை வாங்குங்கள். மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. அதற்காக டிக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் பெரிய தொகை.

நிலையத்திலிருந்து கால் மணிக்குள் நடந்துவிடலாம். செயலியில் மாரிமெக்கோ அவுட்லெட் என்று தேடுங்கள். சுற்றிலும் கிடங்குகளும் பட்டறைகளுமாக இருக்கும், சுற்றுலா இடத்துக்கான அடையாளம் ஒன்றும் இருக்காது. தொடர்ந்து நடங்கள். குளிர்காலத்தில் நடைபாதை பனிக்கட்டியாக இருக்கும், வயதானவர்களோடு போனால் அந்தக் கடைசித் தூரத்துக்குப் பேருந்து பிடியுங்கள்.

4. உள்ளே

வாசலில் யாரும் உங்களை நிறுத்திக் கேட்க மாட்டார்கள். டிரேயை எடுங்கள், காசைக் கட்டுங்கள், பிறகு வரிசையில் போய் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அட்டை வைத்திருங்கள், நாணயத்தை நம்பிப் போக வேண்டாம்.

முதலில் சாலட், அப்புறம் ரொட்டி, அப்புறம் சூடான உணவு என்று மேசை போகும். சாலட்டில் பெரும்பாலும் எல்லாம் தனித்தனிக் கிண்ணம், கோழித் துண்டும் டூனாவும் அவற்றில் இருந்தால் கரண்டி மாறிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் கூட்டம் வருமுன் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பு மாதிரி கருத்த நிறத்தில் இருக்கும் ரை ரொட்டியை ஒதுக்காதீர்கள். வெண்ணெய் தடவி மென்று தின்னத் தின்னத்தான் அதன் புளிப்பு பிடிபடும்.

பானங்களில் தண்ணீரோடு பாலும் பீமாவும் இருக்கும். பெரியவர்களும் மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பால் குடிப்பார்கள். பீமா என்பது புளித்த பால், நம் மோரைவிடக் கெட்டி. அம்மா அதில் உப்புப் போட்டு, அவித்த உருளைக்கிழங்கில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பழுப்பு நிறத்தில் கோதிகல்யா என்ற மால்ட் பானமும் சில கேன்டீன்களில் இருக்கும். அதில் மிகச் சிறிதளவு மது உண்டு, வேண்டாதவர்கள் தவிர்த்துவிடலாம்.

இப்போது தட்டைப் பாருங்கள். கடையில் கண்ணாடி அலமாரிக்குள் விலைச்சீட்டோடு இருக்கும் அதே பாத்திரங்களில்தான் இங்கே சூப் ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்த வெள்ளைப் பாத்திரத்தின் வடிவம் சாமி ருவோட்சலைனனுடையது. ஓய்வா என்று பெயர், 2009-இல் வந்தது. பலவற்றில் மேலே இருக்கிற கோடும் புள்ளியும் செடிகொடியும் மாய்யா லோவுகரி வரைந்தவை. ஒரு பாத்திரம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் தினமும் அதில் சாப்பிட்டு, அடுக்கி, இயந்திரத்தில் போட்டுக் கழுவிப் பார்க்க வேண்டும். இங்கே அது ஒவ்வொரு மதியமும் நடக்கிறது. பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர் இவற்றுக்கு அடுத்த வடிவத்தை வரைகிறவராக இருக்கலாம். அதே வளாகத்து ஆலையில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் மீட்டர் துணி அச்சாகிறது. வடிவமைப்பு அருங்காட்சியகம் நகரில் தனியாக இருக்கிறது, நல்ல இடம்தான். ஆனாலும் ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் இந்தச் சாப்பாட்டைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

தட்டைப் படம் எடுங்கள், ஆட்களை எடுக்காதீர்கள். அது அவர்களுடைய ஓய்வு நேரம்.

சாப்பிட்டு முடித்ததும் டிரேயை மேசையில் விட்டுவிட்டு எழக்கூடாது. திருப்பி வைக்கும் இடத்துக்கு எடுத்துப் போய், மிச்சத்தை உணவுக் கழிவுத் தொட்டியில் தட்டி, தட்டு, டம்ளர், கரண்டி என்று பிரித்து வையுங்கள். பின்லாந்தில் 1948-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச மதிய உணவு. சிறு வயதிலேயே இது பழகிவிடுவதால் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். முன்னால் போகிறவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.

5. கடை

சாப்பிட்ட பிறகு போங்கள். பழைய பருவத்துச் சரக்கும், சிறு குறை உள்ள இரண்டாம் தரமும், மீட்டர் கணக்கில் துணியும் கிடைக்கும். உடைகளைவிடத் துணியே நல்ல கொள்முதல் என்பது என் கருத்து. ஒரு மீட்டர் எடுத்தால் மேசைவிரிப்பாகும், சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டலாம், பெட்டியில் எடையும் ஏறாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள் 40 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெற வழி உண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

பின்னால் சேர்த்தவை

ஜூலையில் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பின்லாந்தே விடுமுறையில் இருக்கும் மாதம் அது. ஊழியர் கேன்டீன்கள் மூடியிருக்கலாம், நேரத்தைக் குறைத்திருக்கலாம். ஜூன் கடைசியில் வரும் யுஹன்னுஸ் விடுமுறையின்போதும், மே முதல் தேதியும் இதே நிலைதான்.

ஹலால் பற்றி ஒரு வாசகர் கேட்டார். இறைச்சி ஹலால் என்று மெனுவில் எழுதியிருந்தால் தவிர அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீன் நாளாகப் பார்த்துப் போவது எளிது. குழம்பில் மது ஊற்றியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விமானம் மாறும் இடைவெளியில் போய்வர முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வர ஷெங்கன் விசா வேண்டும். விசா இருந்தால், விமான நிலையத்திலிருந்து மத்திய நிலையத்துக்கு ரயிலில் அரை மணி. பிறகு மெட்ரோ, நடை, சாப்பாடு, திரும்ப வருவது, பாதுகாப்புச் சோதனை எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் முயல வேண்டாம்.

மாரிதோரி மூடியிருக்கிற நாளில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் யூனிகஃபே உணவகங்களுக்குப் போங்கள். மாணவர் அல்லாதவர்களுக்கு விலை கொஞ்சம் அதிகம், ஆனால் யாரும் சாப்பிடலாம். மெனுவின் அடியில் இருக்கும் எழுத்து விளக்கத்தை அங்கேயும் முதலில் படித்துவிடுங்கள்.