தினம் ஒரு வாட்டர்கலர்: பதினோராம் நாளில் ஏன் நின்றுபோகிறது?

ஜூலை மாதம் முழுக்க தினமும் ஒரு வாட்டர்கலர் வரைவது என்று நான் முதன்முதலில் கிளம்பியபோது 11 நாள் தாக்குப்பிடித்தேன். அடுத்த வருஷம் 9. மூன்றாவது முறை 26. அந்த 11-க்கும் இந்த 26-க்கும் நடுவில் என் கை ஒன்றும் பெரிதாகத் தேறிவிடவில்லை, யானை வரைந்தால் இன்னமும் எருமை மாதிரிதான் வருகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை வைத்துக்கொள்வது என்பது மட்டும்தான் மாறியது. பாதியில் விட்டவர்களைக் கேட்டால் "கை வரலைங்க", "நேரம் இல்லைங்க" என்பார்கள். நான் பார்த்தவரை முதல் நாளே ஒரு நாளின் விலையைக் கண்டபடி ஏற்றி வைத்துவிடுகிறோம், பத்து நாளில் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது.

முதலில் கணக்கு. ஜூலையில் வருவது உலக வாட்டர்கலர் மாதம், தினமும் ஒரு வாட்டர்கலர் வரையும் சேலஞ்ச், சார்லி ஓ'ஷீல்ட்ஸ் 2016-இல் தொடங்கியது. அக்டோபரில் மையால் வரையும் இங்க்டோபர், அது ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-இல் தன்னுடைய மைச்சித்திரப் பழக்கத்தைச் சரிசெய்துகொள்ள ஆரம்பித்தது. 31 நாள், 31 படம் என்பதுதான் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. ஆனால் இங்க்டோபரின் விதிகளிலேயே, தினமும் முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரையலாம், அதுவும் முடியாவிட்டால் வாரத்துக்கு ஒன்று வரையலாம், எதை எடுத்தாலும் அதை விடாமல் செய்யுங்கள் என்று இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு அரை மாரத்தான், வாரத்துக்கு ஒன்றுக்கு 5 கிலோமீட்டர் ஓட்டம் என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை, அல்லது வாரம் மாறி வாரம் நைட் ஷிஃப்ட் என்று இருப்பவர் 31-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு ஒரு அவசியமும் இல்லை. எண்ணை உங்கள் வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அடுத்தவர் இன்ஸ்டாகிராமைப் பார்த்து வேண்டாம்.

அளவிலும் இதே தப்புதான். முதல் நாள் உற்சாகத்தில் ஏ4 தாளை எடுத்து ஒரு முழுத் தெருவை வரைந்துவிடுவோம், இரண்டு மணி நேரம் போயிருக்கும், படமும் நன்றாகவே வந்திருக்கும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் மறுநாளிலிருந்து அதற்குக் குறைந்து எது வரைந்தாலும் ஏமாற்று வேலை செய்கிற மாதிரி இருக்கும். ஏ6 எடுத்துக்கொள்ளுங்கள். 10.5 செ.மீ.-க்கு 14.8 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு போஸ்ட்கார்டு. ஒரு ஏ4 தாளை நாலாக வெட்டினால் கிடைத்துவிடும், மாதம் முழுக்க வரைந்தாலும் எட்டு தாள் போதும். நடுத்தர பிரஷ் ஒன்றை வைத்து இருபது நிமிடத்தில் நிரப்பிவிடலாம், நிரப்ப முடியாத நுணுக்கத்தை அந்த அளவே தடுத்துவிடும்.

பேப்பர் விஷயத்தில் நான் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த முதல் வருஷம் பிழைத்திருக்கும். நூறு சதவீதம் காட்டன் பேப்பர் பிளாக் ஒன்று வாங்கினேன். விலையைப் பார்த்ததும் கை நடுங்கியது. இதில் நல்ல படம்தான் வரைய வேண்டும் என்று முடிவு செய்து பீரோவில், பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தினசரிப் பழக்கத்துக்கு சாதாரண ஸ்கெட்ச்புக்கை எடுத்துக்கொண்டேன். 130 ஜிஎஸ்எம்மோ என்னவோ, அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 130 கிராம். வானத்துக்குத் தண்ணீர் வைத்ததுமே தாள் அப்பளம் மாதிரி மேலும் கீழும் வளைந்தது, பள்ளத்தில் எல்லாம் நீலம் தேங்கியது, சரிசெய்யலாம் என்று இரண்டாவது தடவை பிரஷை ஓட்டினால் தாளின் மேல்தோல் உரிந்து திரி திரியாக உருண்டு வந்தது. எனக்கு வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த கலரைப் பரவலாகப் பூசுவது, வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் யார் போட்டாலும் வராது. 300 ஜிஎஸ்எம் இருந்தால் போதும், காட்டன் வேண்டும் என்றுகூட இல்லை, மரக்கூழில் செய்த செல்லுலோஸ் தாளே தினசரிக்குத் தாராளம். அது சீக்கிரம் காயும், போட்ட கலரை ஈரப் பிரஷால் திரும்ப எடுப்பதும் சுலபம்.

அந்த காட்டன் பிளாக் என்ன ஆனது? இரண்டு வருஷம் கழித்து, ஒருவழியாக நமக்குக் கை வந்துவிட்டது என்று நம்பிப் பிரித்தேன். வெளிர்நீல வாஷ் போட்டால் அங்கங்கே புள்ளி புள்ளியாக அடர்ந்து, மையொற்றுத் தாளில் சொட்டுவிட்ட மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டது. வாட்டர்கலர் தாளில் தண்ணீரை உடனே உறிஞ்சவிடாமல் தடுக்க சைஸிங் என்று ஒரு பூச்சு, பல தாள்களில் ஜெலட்டின், இருக்கும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் அது நாளாக நாளாகக் கெட்டுப்போகும், பூஞ்சை பிடித்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே பத்திரப்படுத்திய பேப்பர் நம் ஊரில் பத்திரமாக இருக்காது. வாங்கினால் வரைந்துவிடுங்கள்.

அடுத்தது, ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்து "இன்னைக்கு என்ன வரையலாம்" என்று போனில் தேடுவது. ஸ்விட்சர்லாந்து ஏரி, ஜப்பான் சந்து, யாரோ ஒருவருடைய பூனை என்று நாற்பது நிமிடம் போய்விடும், அப்புறம் தூக்கம் வந்துவிடும். மாதம் தொடங்கும் முன்பே ஒரே ஒரு இடத்தையோ பொருள் வகையையோ முடிவு செய்துவிடுங்கள். மூன்றாவது வருஷம் நான் சமையலறை என்று வைத்துக்கொண்டேன், வேறு எங்கும் போகவில்லை. அரிவாள்மணை, குக்கர் வெயிட், பாதி உரித்த பூண்டு, அப்புறம் எவர்சில்வர் டம்ளர். டம்ளரை மட்டும் அந்த மாதத்தில் ஐந்து தடவை வரைந்தேன். ஒரே பொருளைத் திரும்ப வரையக்கூடாது என்று எந்த சேலஞ்சும் சொல்லவில்லை.

முதல் டம்ளர் சிமெண்ட் குழாய் மாதிரி இருந்தது. எவர்சில்வர் என்றால் சாம்பல் நிறம் என்று மூளை சொல்லிவிட, முழுக்க ஒரே சாம்பலை அப்பிவிட்டு, மேலே வெள்ளை கலரால் இரண்டு கோடு இழுத்திருந்தேன். ஐந்தாவது தடவைக்குள்தான் கண்ணுக்குப் பட்டது: டம்ளரில் சாம்பல் ரொம்பக் கொஞ்சம். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக, சுத்த வெள்ளையை ஒட்டியே கிட்டத்தட்டக் கறுப்பு, அதற்குப் பக்கத்தில் ஜன்னலின் நீலம், அடியில் மிளகாய்த்தூள் டப்பாவின் சிவப்பு ஒரு தீற்றல். வெள்ளைப் பட்டைகளை முதலில் பென்சிலால் குறித்துக்கொண்டு அங்கே பிரஷே போகாமல் விட்டுவிட வேண்டும், தாளின் வெள்ளைதான் நமக்கு வெள்ளை. கறுப்புக்கு அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கெட்டியாகக் கலந்தால் போதும். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு தூக்கலாக இருந்தால் சூடான சாம்பல், இரண்டும் ஒரே டம்ளரில் வேண்டியிருக்கும். கேக் கலர் பெட்டியில் இருக்கும் கறுப்பையும் வெள்ளையையும் ஒரு மாதம் தொடாமல் இருந்து பாருங்கள். அந்த வெள்ளையை எதில் கலந்தாலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

காய்வதற்குப் பொறுக்காதது எல்லோரும் செய்வது. பாதி காய்ந்த வாஷில் ஈரப் பிரஷை வைத்தால் தண்ணீர் ஓரத்துக்குக் கலரைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டிவிடும், பெயரே அதுதான். தாள் பளபளவென்று இருந்தால் தாராளமாகக் கலர் விடலாம். பளபளப்பு போய்விட்டது, ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது என்றால் தொடாதீர்கள். இதில் ஊர், மாதம் எல்லாம் சேர்த்தி. ஜூலை மத்தியானம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் பிரஷைக் கழுவி எடுப்பதற்குள் வாஷ் காய்ந்து கோடு விழுந்துவிடும், அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் அதே வாஷ் அரை மணி நேரமானாலும் ஈரமாகவே கிடக்கும். வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் நிமிடக் கணக்கை நம்பாமல் இரண்டு ஏ6 தாளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து, ஒன்று காயும்போது மற்றொன்றில் வேலை செய்யுங்கள். ஈரம் தேங்கி நிற்கும்போது ஹேர் டிரையரைக் காட்டினால் குளத்தையே ஓரத்துக்கு ஓட்டிவிடும், அதையும் செய்து பார்த்தாகிவிட்டது.

ஜெல் பேனாவில் கோடு போட்டு மேலே கலர் அடிக்க நினைப்பவர்கள் முதலில் வேறு தாளில் ஒரு கோடு இழுத்து, காயவிட்டு, தண்ணீர் தடவிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. பாட்டியின் முகம் முழுக்க நீலமாகிவிட்டது. சாதாரண பால்பாயிண்ட் அந்த வம்பு அவ்வளவாகச் செய்வதில்லை.

சரி, ஒரு நாள் விட்டுப்போய்விட்டது. கல்யாணம், காய்ச்சல், ஆபீஸில் மாதக் கடைசி, ஏதோ ஒன்று. என் முதல் சேலஞ்ச் இறந்தது இந்த இடத்தில்தான். 12-ஆம் தேதி வரையவில்லை, அதனால் 13-ஆம் தேதி இரண்டு வரைய வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு என்றதும் மலைப்பாகி 13-உம் போனது, 14-ஆம் தேதி கடன் மூன்றாகிவிட்டது, அப்புறம் அந்த மேசைப் பக்கமே போகவில்லை, கந்துவட்டிக்காரரைப் பார்த்த மாதிரி ஸ்கெட்ச்புக்கைப் பார்த்து ஒதுங்கிப் போனேன். எதிர் வீட்டு அக்கா ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் வாசலில் ஐந்து கோலமா போடுகிறார்? அன்றைக்கு உரிய ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். விட்ட தேதி விட்டதுதான். 14-ஆம் தேதி வரைந்த படத்தில் 14 என்றே எழுதுங்கள், நடுவில் ஓட்டை இருக்கட்டும். கடைசி வருஷம் என் நோட்டில் ஐந்து ஓட்டை இருக்கிறது, அதில் ஒன்று வெறும் சோம்பேறித்தனம்.

முடியாத நாளுக்கென்று ஒரு குட்டி வேலை தயாராக இருக்கட்டும். இரண்டு கலரை எடுத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆறு கட்டமாகக் கலந்து அடித்தாலே அன்றைய கணக்கு தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. எனக்கு நான்கு நாள் அப்படித்தான் போனது. பச்சை கலப்பது பிடிபட்டதும் அந்த நாலு நாளில்தான்.

வெளியே போய் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. மயிலாப்பூர் குளக்கரையில் உட்கார்ந்து கோபுரத்தின் ஒவ்வொரு பொம்மையையும் வரைய ஆரம்பித்தால் அன்றைக்கு முதல் நிலையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வெயில் பட்ட பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டே உருவம்தான் தெரியும், அவற்றை வரைந்து உள்ளே நாலு புள்ளி வைத்தால் பார்ப்பவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். ஆள் வந்து நிற்பார்கள். ஒரு பெரியவர் பின்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "தம்பி, கோபுரம் கொஞ்சம் சாயுதே" என்றார். சாய்ந்துதான் இருந்தது. இந்தக் கூச்சம் போக வேண்டுமென்றால் ஸ்கெட்ச் ஓவியர்கள் மார்க் டாரோ ஹோம்ஸும் லிஸ் ஸ்டீலும் 2017-இல் ஆரம்பித்த ஒரு வாரம் நூறு மனிதர்கள் சேலஞ்சை ஒருமுறை செய்து பாருங்கள். ஐந்து நாளில் நூறு பேர் என்றால் ஒரு நாளைக்கு இருபது பேர், ஒருவருக்கு அதிக நேரம் தர முடியாது, பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவார், அழகாக வரைய வேண்டும் என்ற எண்ணத்துக்கு இடமே இருக்காது.

போஸ்ட் போடுவது பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. தினமும் போட்டால் மூன்றாம் வாரத்தில் எதற்கு லைக் விழுகிறதோ அதைத்தான் வரைவீர்கள், அதாவது சூரிய அஸ்தமனமும் அதன் முன்னால் ஒரு தென்னை மரமும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு படத்தையும் ஜன்னல் பக்கம் வைத்து, நேர் வெயில் படாமல் ஒரே தடவையாகப் படம் எடுத்துப் போடுங்கள். ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் வெள்ளைத் தாள் நீலம் பாரித்துப் போகும், அதைச் சரிசெய்ய இன்னும் இருபது நிமிடம்.

கடைசியாக, மாதம் முடிந்ததும் பெட்டியை அப்படியே மூடிவைக்காதீர்கள். கலரில் இருக்கும் வேல மரப் பிசினுக்கும் நம் ஊர் ஈரக்காற்றுக்கும் நல்ல பொருத்தம். ஆகஸ்டில் மூடிய பெட்டியை நவம்பரில் திறந்தபோது என் மஞ்சள் கட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் முடி முளைத்திருந்தது. ஈரத்துணியால் மேல் அடுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் திறந்தே காயவைத்தேன்; மஞ்சள் பிழைத்தது, பச்சைக் கட்டியில் நாற்றம் போகவில்லை, அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பெட்டியை ராத்திரி மூடுவதே இல்லை. மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்தால் பல்லியும் ஏறாது, காற்றும் போகும்.