மாற்றுத்திறனாளிகள் தின நிகழ்வு: நம்மூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐக்கிய நாடுகள் சபை 1992 இல் டிசெம்பர் 3 ஆம் திகதியை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச தினமாக அறிவித்தபோது, மட்டக்களப்பின் மாரி மழையைக் கணக்கில் எடுத்திருக்காது. வாவி நிரம்பி, ஒழுங்கைகளெல்லாம் சேறாகக் கிடக்கும் அந்த வாரத்தில்தான் வருடாவருடம் ஊர்வலமும் கூட்டமும் நடக்கின்றன. பதாகை, தொப்பி, மங்கல விளக்கு, சிற்றுண்டிப் பொதி, சில சக்கர நாற்காலிகள். மறுநாள் படங்கள் முகநூலுக்கு வந்துவிடும். வங்கியின் வாசற்படி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நிகழ்வை ஒழுங்கு செய்பவர்களின் மனதில் குறையில்லை. ஆனால் நல்ல மனது மட்டும் ஒரு படியைக்கூட இடித்ததில்லை. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் இப்படியான நிகழ்வொன்றை நடத்த எண்ணியிருக்கும் சங்கங்கள், பாடசாலைகள், கழகங்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேட்க வேண்டியவர்கள் கூட்டத்தில் இல்லை

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முன்வரிசையில் மாற்றுத்திறனாளிகளையும் அவர்களுடைய தாய்மாரையும் உட்காரவைத்து, உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று இரண்டு மணி நேரம் சொல்கிறோம். அது அவர்களுக்குத் தெரியாததா? பிரதம அதிதி விளக்கேற்றி, வாழ்த்துரை வழங்கி, இன்னொரு நிகழ்வு இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுகிறார். கதவின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களில் ஒருவரும் மண்டபத்தில் இருப்பதில்லை.

வங்கி முகாமையாளர், பாடசாலை அதிபர், கட்டட வரைபடத்தைப் பார்க்கும் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், தனியார் பஸ் நடத்துநர், கல்யாண மண்டபச் சொந்தக்காரர், ஊர் மேசன். இவர்களை அழைத்தால் வரமாட்டார்கள். நாம்தான் போக வேண்டும். கல்முனை பஸ் தரிப்பிடத்தில் நடத்துநர்களோடு கால் மணி நேரம் பேசுவது, காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஜும்ஆ உரையில் சில நிமிடங்கள் கேட்டு வாங்குவது, ஆடி அமாவாசைக்கு முன்பே மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாரிடம் போய், சக்கர நாற்காலியில் வருபவர் தீர்த்தக்கரை வரை செல்ல வழி விடச் சொல்வது, இவையெல்லாம் பதாகைச் செலவைவிட மலிவு. அங்கே பேசப் போகிறவரும் ஒரு மாற்றுத்திறனாளியாக இருக்கட்டும். வெள்ளைப் பிரம்போடு பஸ் ஏறுபவரே நடத்துநரிடம் "நீங்கள் தரிப்பிடத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் எனக்குப் போதும்" என்று சொல்வதற்கும், அதையே அதிதி ஒருவர் ஒலிவாங்கியில் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மண்டபமே மறுக்கும்போது

கூட்டம் மேல்மாடியில். மேடைக்கு நான்கு படி, சாய்தளம் இல்லை. பரிசு வாங்க அழைக்கப்பட்டவரை நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்குகிறார்கள், சபை கைதட்டுகிறது. தூக்கப்படுகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. மேடையை விட்டிறங்கிக் கீழேயே பரிசைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஊரும் முக்கியம். நிகழ்வுகளெல்லாம் வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையில், அதுவும் நகரத்துக்குள். மண்டூரிலிருந்து வருபவர் குருமண்வெளிக்கு இயந்திரப் படகுப் பாதையில் வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வரவேண்டும். ஒரு வருடமாவது கூட்டத்தை வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குக் கொண்டுபோங்கள். அதிதிகள் வாவியைக் கடந்து பார்க்கட்டும்.

அழைப்பிதழிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அழகாக வடிவமைத்த படமாக அதை வட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்வையற்றவரின் கைபேசி பெரும்பாலும் அதை வாசித்துக் காட்டாது. படத்தோடு அதே விடயத்தை எழுத்தாகவும் அனுப்புங்கள். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கோப்பும் உதவாது. திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யுனிகோட் வேண்டும். காது கேளாதவர்கள் வருவதாக இருந்தால், முதலில் சைகை மொழிபெயர்ப்பாளரின் திகதியை உறுதிசெய்துவிட்டு அதற்குப் பிறகு மண்டபத்தைப் பதிவு செய்யுங்கள். வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது. அவரை வெளிச்சமில்லாத மூலையில் நிறுத்துவது அடுத்த தவறு.

எல்லோருக்கும் ஒரே சக்கர நாற்காலி

நன்கொடையாளர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாற்காலி வேண்டும்?" என்பது. யாருக்கு, எந்த வீட்டில், எந்த நிலத்தில் என்ற கேள்விகள் பின்னால்கூட வருவதில்லை. வைத்தியசாலை விறாந்தையில் இன்னொருவர் தள்ளிச் செல்வதற்காகச் செய்யப்பட்ட மடக்கு நாற்காலிகள் ஒரே அளவில் மொத்தமாக வந்திறங்குகின்றன. திருக்கோவில் கடற்கரையோரத்து வீட்டு முற்றத்தில் அதை இறக்கிப் பாருங்கள். முன் சக்கரம் சின்னது, மெல்லியது. மணலில் இரண்டு அங்குலம் புதைந்து, நாற்காலி முன்பக்கம் சாய்ந்து நின்றுவிடும். அந்த நிலத்துக்கு முன் சக்கரம் முன்னால் தள்ளி அமைந்த, நீளமான மூன்று சக்கர வகைதான் ஒத்துவரும்.

அளவு தவறினால் தீங்கு இன்னும் பெரிது. பெரியவர்களுக்கான நாற்காலியில் எட்டு வயதுப் பிள்ளையை உட்காரவைத்தால், பிள்ளை ஒரு பக்கம் சரிந்தே வளரும். முதுகெலும்பும் அதோடு வளையும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குச் சரியான மெத்தையில்லாமல் நாற்காலி கொடுப்பது புண்ணை இலவசமாகக் கொடுப்பதற்குச் சமம். அழுத்தப் புண் உருவாகத் தொடங்குவது அவருக்கே தெரியாது, ஆற மாதங்கள் பிடிக்கும், சிலர் அதிலேயே உயிரை விட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது: பரிந்துரை, மதிப்பீடு, தெரிவு, நிதியும் கொள்வனவும், தயார்படுத்தல், பொருத்துதல், பயிற்சி, பராமரிப்பும் தொடர்ந்து கவனித்தலும். நம்முடைய மேடைகளில் இருப்பது ஒன்பதாவது படி, புகைப்படம்.

ஆகவே கொடுக்கும் முன் வீட்டுக்குப் போங்கள். மலசலகூடக் கதவின் அகலத்தை அளவுநாடாவால் பாருங்கள். பல வீடுகளில் அது இரண்டடி. நாற்காலியோ அதைவிட அகலம். பின் சக்கரத்துக்கு ஊர் சைக்கிள் கடையில் ரியூப் கிடைக்குமா என்று அந்தக் கடைக்காரரிடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால் முதல் பஞ்சரோடு நாற்காலி கோழி ஏறும் இடமாகிவிடும்.

சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம்

"எங்கள் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லும் இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். கணக்கு சுலபமானது: ஓர் அங்குல உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அங்குல நீளம். வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் பதினெட்டு அங்குலம். சாய்தளம் பதினெட்டு அடி நீள வேண்டும். கட்டியிருப்பதோ ஐந்தாறு அடி. அதில் தனியாக ஏறமுடியாது. இறங்கினால் நேரே வீதிக்குத்தான். அதன்மேல் பளபளக்கும் மாபிள் பதித்து, மாரி மழையில் நனையவிட்டால் ஊன்றுகோல்காரருக்கும் ஆபத்து.

பதினெட்டு அடிக்கு இடமில்லையென்றால் திருப்பிக் கட்டலாம், நடுவில் சமதளம் விட்டு. மேலே கதவுக்கு முன் ஐந்தடிச் சதுரமாவது சமமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கதவை இழுக்கும் கையால் சக்கரத்தைப் பிடிக்கமுடியாது, நாற்காலி பின்னோக்கி உருளும். இரு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் வழுவாதபடி சிறு கட்டு. கீழ்முனை வடிகானிலோ மணலிலோ முடியக்கூடாது. அங்கே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்படாமல் பார்த்துக்கொள்வதும் அலுவலகத்தின் வேலைதான். கொங்கிறீட் போடுவதற்கு முன், பலகையை வைத்து, சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரைத் தனியாக ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். மேசனும் அதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுத்த கட்டடத்தில் அவர் நமக்குச் சொல்லித் தருவார்.

பாவமும் சாதனையும்

ஒரு பேச்சாளர் "பாவப்பட்ட ஜீவன்கள்" என்பார். அடுத்தவர் "ஊனத்தை வென்ற வீரர்கள்" என்பார். இரண்டிலும் பஸ் ஏறி வேலைக்குப் போய் வந்து, வீட்டில் சண்டை பிடித்து, கடன் கட்டும் சாதாரண மனிதருக்கு இடமில்லை. முற்பிறப்பு வினை என்று யாராவது தொடங்கினால் நெறியாளர் மரியாதையோடு ஒலிவாங்கியை வாங்கிவிடலாம். பிள்ளையின் படத்தையும் ஊரையும் நோயின் பெயரையும் ஒரே பதிவில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை பாடசாலைக்குப் போகவேண்டியவள். கூட வந்தவரிடம் "இவருக்குச் சீனி போடலாமா?" என்று கேட்பதை விட்டு, தேநீர் குடிக்கப் போகிறவரிடமே கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் என்று நினைப்பது

பதாகையில் எப்போதும் சக்கர நாற்காலிதான். 2012 குடிசன மதிப்பீடு பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகமும் கவனமும், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் என்ற ஆறு விடயங்களில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோவொன்றில் சிரமம் இருந்தது. யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். நீரிழிவால் காலை இழந்த மாமாவையும், கண்ணில் வெண்படலம் விழுந்த அம்மம்மாவையும், மனநோய்க்கு மருந்தெடுக்கும் அயலவரையும், கற்றல் மெதுவான பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கப்படும் பெண் பிள்ளைகளை ஊர்வலத்தில் காணவே முடியாது; அவர்களைத் தேடித் தாய்மாரோடு பேசப் போகவேண்டியவர்கள் பெண்களே.

சட்டத்தைச் சொல்லாமல் கெஞ்சுவது

"தயவுசெய்து வசதி செய்து தாருங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வி அனுமதியிலோ பாரபட்சம் காட்டக்கூடாது, பொது இடங்களுக்குள் நுழைவதை மறுக்கக்கூடாது என்கிறது. அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வந்தன. சக்கர நாற்காலியில் இயங்கிய கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றம் சென்று, புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டளையை 2011 ஏப்ரலில் பெற்றார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 8 ஆவது உறுப்புரை விழிப்புணர்வை அரசின் கடமையாகவே வைக்கிறது.

மிகைப்படுத்தியும் சொல்லாதீர்கள். அரச வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு 1988 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் வந்தது. தேவையான தகைமை உள்ளவருக்கே அது பொருந்தும். "எல்லோருக்கும் அரச வேலை" என்று மேடையில் ஒருவர் முழங்கினால், அடுத்த திங்கட்கிழமை ஏமாற்றத்தைச் சமாளிக்கிறவர் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தேர்தல் சட்டத்தின்படி, வாக்களிக்க உதவி தேவைப்படுபவர் உரிய சான்றிதழோடு தான் விரும்பும் ஒருவரை வாக்குச் சாவடிக்குள் அழைத்துச் செல்லலாம். சான்றிதழை முன்கூட்டியே எடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிகழ்வு முடிந்த வாரத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். "வசதிகள் போதாது" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். எந்தக் கட்டடம், எந்த வாசல், எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், எந்தத் திகதியில் என்ன அலுவலுக்குப் போனவர் திரும்பி வரவேண்டியிருந்தது என்று எழுதி, படமும் இணையுங்கள். பதில் தரவேண்டிய திகதியையும் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். அதன் அவசர அழைப்பு இலக்கம் 1996, சட்டம் வந்த ஆண்டே என்பதால் மறக்காது. கடிதத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.