கடையில் ஏமாந்தால் எந்த அலுவலகத்தை நாடுவது?

செட்டிநாட்டில் திருமணச் சீருக்கு மணகோலமும் அதிரசமும் வாங்குபவர்கள் கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது, வெறும் அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டுப் பலகாரத்தை நிறுக்கும்படிதான். பெட்டி நூறு கிராம் என்றால், முப்பது பெட்டிக்கு மூன்று கிலோ அட்டையைப் பலகார விலைக்கு வாங்கியவர்களாகிவிடுவோம்.

மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். அதற்கான சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். எடைக்குறைவையும், பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவதையும் தமிழ்நாட்டில் கண்காணிப்பது தொழிலாளர் துறை என்பது பலருக்குத் தெரியாததால், தாலுகா அலுவலகத்துக்கு வீணாக நடக்கிறார்கள். காரைக்குடிக்காரர்கள் சிவகங்கை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுத வேண்டும். கலப்படமோ, பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் இல்லாததோ உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. நகையின், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சேலை விஷயம் சற்றுச் சிக்கலானது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பின், விசைத்தறிச் சேலையைக் கைத்தறிக் கண்டாங்கி என்று சொல்லி விற்பவர்களுக்கு அந்தப் பெயரே மூலதனமாகிவிட்டது. ஆகவே, கடைக்காரர் வாயால் சொல்வதைப் பில்லிலும் 'கைத்தறி, காரைக்குடி கண்டாங்கி' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சேலையை மடித்து வைத்துவிட்டு வந்துவிடலாம். பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்வதும், பில் தர மறுப்பதும், பழுதான பொருளை உரிய காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறைகளே. திரும்பப் பெறும் கெடு பில்லில் இல்லையென்றால் அது 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டிப் பழுதான பொருளை உங்கள் தலையில் கட்ட முடியாது.

எந்த அதிகாரிக்கு எழுதினாலும், அவர் விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகுமே தவிர உங்கள் கைக்கு வராது. பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கக்கூடிய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் நுகர்வோர் அனைவரின் பொருட்டு நடவடிக்கை எடுக்குமே ஒழிய, தனியொருவருக்கு இழப்பீடு வாங்கித் தராது. பணம் திரும்ப வேண்டுமென்றால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அவர்கள் கடைக்காரரிடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவிட மாட்டார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையத்தில் வாங்கிய பொருளுக்கும், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுவைக் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். 'தெரிந்த கடைதானே' என்று அதை வாங்காமல் வருவது எங்கள் ஊர்ப் பழக்கம். பில் வாங்குபவர்களும் கவனிக்காத ஒன்று உண்டு: இப்போதைய பில்கள் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருவதால், சில மாதங்களில் எழுத்து மங்கிவிடுகிறது. வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.