விமானம் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பறக்கும்? நீங்களே கணக்குப் போடலாம்

நியூயார்க்கில் இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம், லண்டனில் மறுநாள் காலை 8 மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தால், 12 மணி நேரப் பயணம் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் 7 மணி நேரம்தான். எப்படி என்று பார்ப்போம். கூகுள் மேப்ஸும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

படி 1: தூரம்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் தூரத்தை அளக்கும் வசதி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் லண்டன் ஹீத்ரோ மேல் ஒரு கிளிக். சுமார் 5,540 கி.மீ. என்று காட்டும்.

தட்டை வரைபடத்தில் இந்தக் கோடு வடக்கே வில்லாக வளைந்து தெரியும். சுற்றுவழி என்று நினைக்க வேண்டாம், உருண்டைப் பூமியில் அதுதான் குறுக்குவழி. உலக உருண்டை கைவசம் இருந்தால் இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்.

படி 2: நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 5,540-ஐ 900-ஆல் வகுத்தால் 6.16. இதை 6 மணி 16 நிமிடம் என்று எழுதிவிடாதீர்கள்! 0.16-ஐ 60-ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 10 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலே ஏற, இறங்க என்று ஒரு மணி நேரம் சேர்த்தால் 7 மணி 10 நிமிடம்.

படி 3: காற்று

வட அட்லாண்டிக்கின் மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அதனால் லண்டனுக்குப் போக சுமார் 7 மணி நேரம், திரும்பி வர சுமார் 8. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து 5 மணி நேரத்துக்குள்ளேயே லண்டன் வந்துவிட்டது. அதை நம்பித் திட்டம் போட முடியாது!

படி 4: கடிகாரம்

பலரும் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். லண்டன் 5 மணி நேரம் முந்தி இருப்பதால், அங்கே காலை 8 மணி என்றால் நியூயார்க்கில் அதிகாலை 3. இரவு 8-லிருந்து அதிகாலை 3 வரை, 7 மணி நேரம். சரி, ஒரு சிக்கல்: அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலேயே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடும், பிரிட்டன் கடைசி ஞாயிறில்தான் தள்ளும். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான்.

கணக்கு ஒத்துவராத தடங்களும் உண்டு. லண்டன்-டோக்கியோ சுமார் 9,600 கி.மீ. நம் கணக்கில் 11 மணி 40 நிமிடம் வரும், டிக்கெட்டிலோ கிட்டத்தட்ட 14 மணி நேரம். 2022 முதல் பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிப் போவதே காரணம். இப்படிப்பட்ட இடங்களில் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் விமானம் போகும் தடத்தைப் பார்த்து, மேப்ஸில் அதே தடத்தில் நாலைந்து புள்ளிகள் வைத்து அளந்தால் தூரம் ஓரளவு சரியாக வரும்.