ஹோட்டல் அறையில் மிஞ்சும் சோப்பை நிவாரணச் சோப்பாக்குவது எப்படி?

ஹோட்டல் அறையில் வைக்கும் சோப்பு பெரும்பாலும் 15 முதல் 30 கிராம்தான். தங்கியவர் கிளம்பும்போது பாதிக்கு மேல் மிஞ்சி, குப்பைக்குப் போகும். அதையே புதுக் கட்டியாக்கி நிவாரண முகாம்களுக்குக் கொடுக்கலாம். 2009இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ‘க்ளீன் தி வேர்ல்ட்’ அமைப்பைத் தொடங்கியவர்கள், ஒரு கார் ஷெட்டில் உருளைக்கிழங்கு தோல்சீவியையும் இறைச்சி அரைக்கும் மெஷினையும் வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தார்கள். 2014இல் தொடங்கிய ‘ஈகோ-சோப் பேங்க்’ கம்போடியாவின் சியம் ரீப் நகர ஹோட்டல்களில் இப்படித்தான் சோப்பு திரட்டியது. வேலை அன்றும் இன்றும் ஒன்றுதான்: பிரி, சீவு, துருவு, அழுத்து. கோட்டைவிடுவது பெரும்பாலும் முதல் இரண்டில்.

சேகரிப்பு

ஹவுஸ்கீப்பிங் தள்ளுவண்டியில் இதற்கென்றே ஒரு வலைப்பை தொங்கட்டும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். ஈரச் சோப்பு காற்றில்லாமல் கிடந்தால் கொழகொழத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சீவவே முடியாது. 10 கிராமுக்குக் குறைந்த துண்டுகளை எடுக்காதீர்கள், சீவியபின் கையில் ஒன்றும் நிற்காது. ஷாம்பு வழிந்த சோப்பு, ரத்தக்கறை பட்டது, விரிசலுக்குள் அழுக்கு இறங்கிக் கறுத்தது எல்லாம் நேராகக் குப்பைக்கு.

பிரிப்பு

உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்றிருந்தால் அது அசல் சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் முதலில் வந்தால் அது சோப்பே அல்ல, செயற்கை டிடர்ஜென்ட்டால் ஆன ‘சின்டெட்’ கட்டி. சோப்புத் துருவலோடு கலந்தால் சரியாக ஒட்டாமல் நாலு நாளில் உதிரும். கண்ணாடி போன்ற கிளிசரின் சோப்பு அழுத்தும்போது பிதுங்கி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் தனியே வையுங்கள். சோடியம் டாலோவேட் என்றால் விலங்குக் கொழுப்பு. எந்த விலங்கு என்று உறை சொல்லாது. மாட்டையோ பன்றியையோ விலக்குகிறவர்களுக்குப் போகும் சோப்பில் இது கலக்கவே கூடாது. உறை கிழிந்துபோயிருக்கும் என்பதால், ஹோட்டல் எந்தச் சோப்பை வாங்குகிறது என்று பர்ச்சேஸ் பிரிவில் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்வதுதான் வழி.

சீவுதல்

எல்லாப் பக்கமும் 1 முதல் 2 மில்லிமீட்டர் சீவ வேண்டும். பெயர் பொறித்த பள்ளத்தில்தான் முடி சிக்கியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்புக் கோடாகத் தெரியும். பள்ளம் மறையும்வரை சீவுங்கள். சீவியதை வீசாதீர்கள், தண்ணீரில் ஊறவைத்தால் தரை கழுவ ஆகும். நிவாரணச் சோப்பில் மட்டும் சேர்க்கக் கூடாது.

அடுத்து கிருமிநீக்கம். 5 சதவீத பிளீச் திரவம் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல். அதைச் சீவிய கட்டிகள் மேல் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, வலைத்தட்டில் உலர்த்துங்கள். முக்கி எடுக்க வேண்டாம், சோப்பு தண்ணீரை உறிஞ்சிவிடும். காரத்தன்மையில் பிளீச்சின் குளோரின் வலுவிழக்கும், சோப்போ காரம்; ஆகவே பிளீச்சை நம்பிச் சீவலில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்குங்கள். கையுறை கட்டாயம். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு.

‘இன்னொருவர் தேய்த்த சோப்பா’ என்ற தயக்கத்துக்கு ஒரு பதில் உண்டு. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே பாக்டீரியா ஏற்றிய கட்டிகளால் 16 பேர் கை கழுவினார்கள்; யார் கையிலும் கண்டறியும் அளவுக்கு அந்தப் பாக்டீரியா இல்லை.

துருவி அழுத்துதல்

உலர்ந்த கட்டிகளைக் கேரட் துருவியின் சிறிய கண்ணில் துருவுங்கள். அளவு கூடினால் மோட்டார் துருவி. ஒரு கிலோ துருவலுக்கு 30 முதல் 50 மில்லி கொதித்து ஆறிய தண்ணீரைத் தெளித்துப் பிசறி, மூடி அரைமணி நேரம் வையுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் பசை ஒட்டக் கூடாது. ஈரம் குறைந்தால் கட்டி அடுக்கடுக்காகப் பெயரும். கூடினால் அச்சில் ஒட்டும், காயும்போது வெடிக்கும்.

5 × 7.5 சென்டிமீட்டர் எஃகு அச்சில் 100 கிராம் துருவலை எடைபோட்டு நிரப்பி, 5 டன் பாட்டில் ஜாக்கால் (வண்டியைத் தூக்கும் கை ஜாக்கி) அழுத்துங்கள். விளிம்பில் மெல்லிய தகடாகச் சோப்பு பிதுங்கினால் போதும். அப்படியே அரை நிமிடம் பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். மின்சாரம் தேவையில்லை. கட்டியை நிழலில், வலைத்தட்டில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மேல்புறம் முதலில் சுருங்கி விரிசல் விடும்.

உருக்கி ஊற்றினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். சோப்பு மெழுகல்ல, தானாக உருகாது. தண்ணீர் ஊற்றி வேகவைத்தால் களியாகி அடிபிடிக்கும். ஊற்றிய கட்டி காய வாரக்கணக்காகும், கோணலும் ஆகும். எரிபொருள் செலவு வேறு.

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு கட்டிகளைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 9 முதல் 10.5க்குள் இருக்க வேண்டும். முதல் சில தொகுதிகளையாவது ஈ.கோலை, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஆகிய பாக்டீரியாக்கள் இருக்கின்றனவா என்று சோதிக்க ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கொண்டு சேர்த்தல்

நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகோலான ‘ஸ்ஃபியர்’படி ஓர் ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணிச் சோப்பு. சீவல் போக எட்டுக் கிலோ தேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலுக்கு மட்டும் 32 பேரின் ஒரு மாதத் தேவை அது. ஆளுக்கொரு கட்டி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஒரு சிறு முகாமுக்கு மாதாமாதம் தவறாமல் அனுப்புவது மேல்.

காகிதத்தில் சுற்றி, பெறுபவர்களின் மொழியில் ‘சோப்பு, உண்ணக் கூடாது’ என்று அச்சிடுங்கள். பழ வாசனைக் கட்டியைக் குழந்தைகள் கடித்துவிடும். அரிசி மூட்டையோடு ஒரே பெட்டியில், ஒரே அறையில் வைக்காதீர்கள். அரிசியில் வாசனை ஏறிவிட்டால் வடித்த சோறு வரைக்கும் அது போகாது.