டிரான்ஸ்மிஷன்: அகராதி புரட்டாமல் பொருள் பிடிக்க

டிரான்ஸ்மிஷன் என்ற சொல் வந்தால், 'எது, எங்கிருந்து, எங்கே போகிறது?' என்று கேளுங்கள். அந்த இடத்துக்கான தமிழ்ச் சொல் தானாக வந்துவிடும். காரில் இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகிறது, அது விசைக் கடத்தல். வானொலியில் ஒலி அலையேறிப் போகிறது, அது ஒலிபரப்பு. மின்நிலையத்திலிருந்து துணைமின் நிலையத்துக்கு என்றால் மின்கடத்தல். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் என்றால் பரவல், அங்கே போய் 'ஒலிபரப்பு' என்று எழுதிவிடக் கூடாது!

காரணம் சொல்லின் பிறப்பில் இருக்கிறது. லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் அக்கரைக்கு, குறுக்கே கடந்து. 'மித்தெரெ' என்றால் அனுப்புதல். ஆக, 'கடத்தி அனுப்புதல்'. மிஷன், மிசைல், அட்மிஷன், பெர்மிஷன் எல்லாமே இந்த மித்தெரெ வீட்டுப் பிள்ளைகள்தான். அட்மிஷன் உள்ளே அனுப்புவது, மிசைல் எறிந்து அனுப்புவது என்று பார்த்தால் எவ்வளவு எளிதாக மனதில் நிற்கிறது!

ஆனால் மெக்கானிக் 'டிரான்ஸ்மிஷனைக் கழற்றணும்' என்றால் இந்தக் கேள்வி உதவாது. அவர் சொல்வது செயலை அல்ல, கியர்பாக்ஸ் என்ற பொருளை. மின்னணுச் சுற்றுகளில் வரும் சிறு பாகமான டிரான்சிஸ்டரின் பெயரையும் 'டிரான்ஸ்' என்று தனியே பிரிக்காதீர்கள். அது டிரான்ஸ்ஃபர் (மாற்றுதல்), ரெசிஸ்டர் (மின்தடையம்) இரண்டையும் ஒட்டிச் செய்த சொல்.