புரைக் கணக்கில் விழித்திரையைப் பார்த்தால்

எங்கள் பக்கம் கண் மங்கினாலே முதலில் வாயில் வருவது புரைதான். பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கெழுதும் என் சித்தப்பாவுக்கும் அப்படித்தான். நோட்டின் கோடுகள் நடுவில் வளைந்து தெரிந்தன. "புரை முத்தட்டும், கேம்ப் வரும்போது எடுத்துக்கலாம்" என்று எட்டு மாதம் ஓட்டிவிட்டார். பார்த்தால் புரையே இல்லை. பதினைந்து வருஷச் சர்க்கரையால், கண்ணுக்குள் பின்புறம் இருக்கும் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருந்தது.

நேர்கோடு வளைந்து தெரிந்தால் புரை என்று இருந்துவிடாதீர்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள், அப்புறம் மற்றக் கண்ணால். இரண்டையும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணைக் காட்டிக்கொடுக்காது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் மாத்திரைதான் வருகிறதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதிருந்தால் விழித்திரையை யார் பார்ப்பது? பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த உடனே ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, பார்வை தெளிவாக இருந்தாலும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. அன்றைக்குச் சில மணி நேரம் கண் கூசும், பைக் ஓட்டிப் போகாதீர்கள்.

சிகிச்சையிலும் புரைக் கணக்கு விடாது. புரை ஆபரேஷன் ஒருமுறை செய்தால் முடிந்தது, பார்வையும் பளிச்சென்று வரும். சர்க்கரைக்கு லேசர் போடுவது பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். 'லேசர் போட்டும் வெளிச்சம் வரலையே' என்று பாதியில் விடுகிறவர்கள் அந்த மிச்சத்தையும் இழக்கிறார்கள். கண்ணுக்குள் போடும் ஊசியும் ஒன்றோடு நிற்காது. தொடக்கத்தில் மாதம் ஒன்று, அப்புறம் ஸ்கேன் பார்த்து இடைவெளி விடுவார்கள். சித்தப்பாவுக்கு இரண்டாவது ஊசியிலேயே எழுத்து தெளிந்தது. தக்காளி சீசன் வந்தது, மூன்றாவதை விட்டார், நீர் திரும்பக் கோத்துக்கொண்டது. இப்படிப் போடும் ஊசிகளில் ஒன்றான அவாஸ்டின் புற்றுநோய் மருந்தாமே என்று இன்னொரு பயம். உண்மைதான், கண்ணுக்குப் போடுவது அதில் 1.25 மில்லிகிராம். நான் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு: ஊசி போட்ட சில நாளில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால் அது கிருமி ஏறியதாக இருக்கலாம். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு காத்திராமல் அன்றே ஓடுங்கள்.

விழித்திரை பிரிந்தால் கதையே வேறு. திடீரென்று மின்னல் வெட்டும், கரும்புள்ளிகள் கொட்டும், ஓரத்திலிருந்து திரை இறங்கும். வலி இருக்காது, அதனாலேயே தள்ளிப்போடுகிறார்கள். கிழிசலாக இருக்கும்போதே போனால் பெரும்பாலும் லேசரோடு முடிந்துவிடும். பிரிந்துவிட்டால் ஆபரேஷன்தான். கண்ணுக்குள் வாயு நிரப்பினால் சொன்னபடி குப்புறப் படுக்க வேண்டும், விமானம் ஏறக்கூடாது. விமானத்தை எல்லாரும் சொல்வார்கள், நம் ஊர் ஏற்றத்தை யாரும் யோசிப்பதில்லை. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் கூடும். ஓசூர் சேலத்தைவிடச் சுமார் 600 மீட்டர் உயரம். சேலத்தில் ஆபரேஷன் முடித்து தொப்பூர் கணவாய் ஏறி வீடு திரும்புகிறவர் எந்த ஊருக்கு, என்றைக்குப் போகலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே பஸ் ஏறட்டும். வாயு கரைய, அதன் வகையைப் பொறுத்து இரண்டு வாரமோ, இரண்டு மாதமோகூட ஆகும். வாயுவுக்குப் பதில் சிலிகான் எண்ணெய் வைத்திருந்தால் அது தானாகக் கரையாது, பெரும்பாலும் சில மாதத்தில் எடுக்க வர வேண்டும்.

குழந்தைகளையும் சொல்லிவிடுகிறேன். 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரை பார்க்க வேண்டும், மிகச் சிறியதென்றால் இன்னும் முன்பே. முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுத்தான் பிள்ளையை வெளியே எடுப்போம் என்பது இங்கே செல்லாது.

சித்தப்பாவுக்குப் போன மாதம் ஒன்பதாவது ஊசி. கோடு இன்னும் லேசாக வளைந்துதான் தெரிகிறதாம். ஸ்கேல் வைத்து மண்டிக் கணக்கு எழுதுகிறார்.